பூனை படுத்திருந்த பெட்டி

ஜூன் 3

என் வத்தலுக்கு,

உன் கடிதம் வந்தது. அதைக் கடிதம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. "ஃபோன் செய்யாதே அக்கா. யார் கூப்பிட்டாலும் முதலில் அவர்கள் அழுகிறார்கள், பிறகு நான்தான் அவர்களைத் தேற்ற வேண்டியிருக்கிறது. எழுது. சாயங்காலம் நானும் இவரும் பார்க்க ஒரு தொடர் சொல். யாரும் சாகாததாக." அவ்வளவுதான். சின்ன வயதில் வாய் ஓயாமல் பேசியவள் எழுதியதா இது என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

சரி, ஃபோன் செய்ய மாட்டேன். குழந்தையை இழந்து ஒரு மாதம் ஆகப்போகிறது, இந்த அக்கா இன்னும் வந்து பக்கத்தில் உட்காரவில்லையே என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருப்பாய். வருவேன்டி. பத்திரிகையில் என்னோடு இருந்தவள் விடுப்பில் போய்விட்டாள், அவள் பக்கத்தையும் நானே நிரப்ப வேண்டியிருக்கிறது. முழங்கால் வேறு, மாடிப்படியைப் பார்த்தாலே முறைத்துக்கொள்கிறது.

கேட்டதற்கு வருகிறேன். 'இந்த வாரம் எதைப் பார்க்கலாம்' என்று வாராவாரம் ஊருக்கே சொல்கிறவள், தங்கைக்குச் சொல்ல மாட்டேனா? 'மெதுவாகப் போகும் படகு' பார். பத்துப் பகுதிகள். வயதான கணவன் மனைவி, ஒரு பழைய படகு, ஒரு கொழுத்த பூனை. கால்வாய் வழியே ஊர் ஊராகப் போய் மூட்டை முடிச்சு ஏற்றி இறக்குகிறார்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒரு சின்னச் சண்டை இருக்கும், அல்லது ஒரு சாவி காணாமல் போயிருக்கும். பொழுது சாய்வதற்குள் எல்லாம் தீர்ந்துவிடும். படகுக்குள் பூட்டிய மரப்பெட்டி ஒன்று உண்டு, பூனை அதன்மேல்தான் படுக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று கணவன் சொல்வதில்லை, மனைவி கேட்பதில்லை, கதையும் துருவுவதில்லை. அந்த நாகரிகம்தான் எனக்குப் பிடித்தது, என் பத்தியிலும் அதைத்தான் எழுதினேன். இதில் யாரும் சாகவில்லை. நான் வாக்குக் கொடுக்கிறேன்.

அது முடிந்தால் 'நூலகத்துக்கு எதிர்வீடு' பார்க்கலாம், வயிறு வலிக்கச் சிரிப்பாய். 'மூன்றாம் நடைமேடை'யில் கொஞ்சம் கண்ணீர் வரும், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 'உப்புக் கோட்டை' என்று ஒரு சரித்திரப் பேய்த் தொடர் இருக்கிறது. முற்றுகை, பஞ்சம், புதைத்தவர்கள் திரும்பி வந்து கதவைத் தட்டுவது என்று ஒரே ரத்தக்களரி. அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதே.

மாப்பிள்ளையிடம் கேட்டதாகச் சொல். சாப்பிடு.

உன் அக்கா

ஜூன் 15

அக்காவுக்கு,

படகு பார்க்கிறோம். சாயங்காலம் அவர் துறைமுகத்திலிருந்து வந்து குளித்ததும் ஒரு பகுதி. அதற்கு மேல் வேண்டாம் என்று இருவருமே நிறுத்திவிடுகிறோம். சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதாம்.

உன் மாப்பிள்ளை மருத்துவமனையிலிருந்து வந்த நாள்முதல் வாயைத் திறக்கவில்லை. அழவும் இல்லை. கிரேன் ஓட்டுகிறவருக்கு உயரத்தில் தனியாக உட்கார்ந்து பழகிவிட்டது, வீட்டிலும் அப்படியே உட்கார்ந்திருந்தார். தொட்டில் வந்த அட்டைப் பெட்டியில் துணி, போர்வை எல்லாவற்றையும் போட்டு ஒட்டி பீரோ மேல் ஏற்றினார். அதன்மேல் பழைய சூட்கேஸை வைத்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

நேற்று, படகில் மூட்டை தூக்குகிற காட்சியில் திடீரென்று, "அந்தக் கப்பி தப்பு. அதுல இவ்ளோ எடை தூக்கினா கயிறு அறுந்து பூனை நசுங்கிடும்" என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். எத்தனை நாளாயிற்று தெரியுமா?

அடுத்த வாரம் முதல் மறுபடி மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்குப் போகிறேன். முதலாளியம்மா, "வந்து உக்காந்து லென்ஸைத் துடை. மனசு ஒரு இடத்துல நிக்கும்" என்கிறார்.

எனக்கு உன்மேல் கோபம் இருந்தது. இப்போது கொஞ்சம் குறைவு. பூனைக்கு நன்றி சொல்.

வத்தல்

ஜூன் 22

அக்காவுக்கு,

ஒரே கேள்வி. ஒன்பதாவது பகுதியை நீ பார்த்தாயா?

அதில் அந்தப் பெட்டியைத் திறக்கிறார்கள். பூனையைத் தள்ளிவிட்டு, பூட்டை உடைத்து, அந்தக் கிழவி உள்ளேயிருந்து ஒவ்வொன்றாக எடுக்கிறாள். ஒரு சின்னத் தொப்பி. காலுறை. அவர்கள் வீட்டை விட்டுவிட்டுப் படகில் ஏறியதே அந்தக் குழந்தை போனதால்தான்.

இவர் எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்று அவருக்கு விடுமுறை. துறைமுகத்திலிருந்து சக ஊழியர் ஒருவர்தான் கூப்பிட்டார், கிரேனில் கீழே கொக்கி மாட்டுகிறவர். "உங்க வீட்டுக்காரர் வேலை இல்லாத கிரேன்ல ஏறி உக்காந்திருக்கார். கூப்பிட்டா இறங்க மாட்டேங்கறார். வீட்ல ஏதும் பிரச்சனையாம்மா?" என்றார். பிரச்சினை என்னவென்று நான் என்ன சொல்லட்டும்? எங்கள் அக்கா ஒரு தொடர் பார்க்கச் சொன்னாள் என்றா?

இறங்கி வந்துவிட்டார். ஆனால் சாப்பாட்டு மேசைக்கு வருவதில்லை, எங்கள் அட்டைப் பெட்டி இருக்கும் அறைக்கும் வருவதில்லை.

பார்த்தாயா, இல்லையா? அதை மட்டும் எழுது.

தங்கை

ஜூன் 27

வத்தல்,

பார்த்தேன். தெரிந்தேதான் சொன்னேன்.

கோபப்படாமல் படி. உங்கள் இருவருக்கும் நடுவே அந்தப் பெட்டி பூட்டியபடியே இருக்கும் என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளை சுபாவம் எனக்குத் தெரியாதா? நேராகச் சொன்னால் நீயும் கேட்க மாட்டாய், அவரும் கேட்க மாட்டார். முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும். யாரும் சாகவில்லை என்று சொன்னது அதற்காகத்தான், முன்கூட்டியே சொல்லியிருந்தால் பார்த்திருக்கவே மாட்டீர்கள். அழவேண்டியதை அழாமல் வைத்திருந்தால் அது உள்ளேயே புரையோடிவிடும். கசப்பு மருந்தைச் சர்க்கரை தடவிக் கொடுத்ததாக நினைத்துக்கொள்.

வலித்திருக்கும். அக்காவை மன்னித்துவிடு.

அக்கா

ஜூலை 5

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் கிழிக்கப் போனேன். கிழிக்காமல் அவர் கையில் கொடுத்தேன். 'பாருங்கள், எங்கள் அக்கா எப்படிப்பட்டவள்' என்று காட்டத்தான் கொடுத்தேன்.

நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார். "அக்கா தெரிஞ்சுதான் செஞ்சிருக்காங்க" என்றார். "இத்தனை பேர் வந்தாங்க, 'ஆம்பளை நீயே இப்படி இருந்தா எப்படி'ன்னு சொல்லிட்டுப் போனாங்க. நான் அழணும்னு நினைச்ச ஒரே ஆள் அவங்கதான்."

ஸ்டூலைப் போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினார். சூட்கேஸ் என் காலில் விழுந்தது, அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அழுதார். பெட்டியைப் பிரித்தோம். எல்லாத் துணியையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். துணிகளைக் கொடியில் காயப்போட்டோம், ஏன் என்று தெரியாது, ஈரமே இல்லை. சாயங்காலம் வரை காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. மேசைக்கு வந்து சாப்பிட்டார்.

என்னால் உன்னை இன்னும் மன்னிக்க முடியவில்லை. எனக்கு வாக்குக் கொடுத்துவிட்டு ஏமாற்றினாய், அது வலிக்கிறது. ஆனால் நீ நினைத்தது நடந்துவிட்டது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொன்று. அந்தக் கொக்கி மாட்டுகிறவரின் மகன் போன மாதம் காய்ச்சலில் போய்விட்டான், பள்ளிக்கூடம் போகிற பையன். அதோடுதான் மனிதர் தினமும் வேலைக்கு வருகிறார், அன்றைக்கு இவருக்காக எனக்கு ஃபோனும் செய்திருக்கிறார். இவர் அவரிடம் உன்னைப் பற்றிப் பேசியிருக்கிறார். படகுத் தொடரை அவர்களும் பார்க்கட்டுமா, அல்லது அவர்களுக்கு வேறு ஏதாவது இருக்கிறதா என்று உன்னிடமே கேட்டு எழுதச் சொன்னார். "அக்கா சொன்னா சரியா இருக்கும்" என்கிறார். அவர்கள் காத்திருக்கிறார்கள். சீக்கிரம் எழுது.

தங்கை

ஜூலை 9

வத்தல்,

அவர்கள் பார்க்க வேண்டாம். முதலில் அதைப் போய்ச் சொல்லிவிடு, மற்றதைப் பிறகு படித்துக்கொள்.

நான் பார்க்கவில்லையடி.

உனக்குச் சொன்னபோது அந்தத் தொடரில் முதல் பகுதியை மட்டும் பார்த்திருந்தேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று இத்தனை வருடமும் அப்படித்தான் எழுதி வருகிறேன். முதல் பகுதியைப் பார்ப்பேன், மீதியைத் தொடர் எடுத்தவர்கள் அனுப்பும் சுருக்கத்திலிருந்து எடுத்துக்கொள்வேன். ஆசிரியருக்கும் தெரியாது. அந்தப் பெட்டியைக் கதை துருவுவதில்லை என்று பெரிய ரசிகை போல எழுதினேனே, அந்தப் பெட்டி திறக்கும் என்பதே எனக்குத் தெரியாது.

'பார்த்தாயா' என்று நீ கேட்ட கடிதம் வந்த பிறகுதான் உட்கார்ந்து மீதியை வரிசையாகப் பார்த்தேன். அந்தத் தொப்பியை அவள் விரலில் மாட்டிப் பார்க்கிறாளே, அங்கே நிறுத்திவிட்டேன். நீங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, நான் சொன்னேன் என்று நம்பி அதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பிறகும் நான் உனக்கு உண்மையை எழுதவில்லை பார். பார்க்கவே இல்லை என்று ஒப்புக்கொள்வதைவிட, பார்த்துவிட்டுச் செய்தேன் என்பது கௌரவமாகத் தோன்றியது. சோம்பேறி என்ற பெயரைவிடக் கல்நெஞ்சக்காரி என்ற பெயர் பரவாயில்லை என்று நினைத்தேன்.

நீ திட்டுவாய், அதோடு முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். மாப்பிள்ளை நன்றி சொல்வார் என்று நினைக்கவில்லை. 'நான் அழணும்னு நினைச்ச ஒரே ஆள்' என்ற அந்த வரியை என்னால் இரண்டாம் முறை படிக்க முடியவில்லை. உன் கடிதத்தை மேசையில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது, வேறு வார்த்தை இல்லை.

இதை அவரிடம் சொல்லிவிடு. என்னால் எழுத முடியவில்லை.

அக்கா

ஜூலை 16

அக்காவுக்கு,

கொக்கி மாட்டுகிறவரிடம், இப்போது எதுவும் பார்க்க வேண்டாம் என்று இவர் மூலம் சொல்லிவிட்டேன். அவர் மனைவியைப் போய்ப் பார்த்தேன். தொடர் எதுவும் பேசவில்லை, அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், நானும் மடித்தேன்.

நீ பார்க்காமல் சொன்னதை இவரிடம் நான் சொல்ல மாட்டேன். நீ செய்த காரியத்துக்கு நான் தூது போக வேண்டுமா? உன் பெயரைச் சொல்லி ஒருவர் அழுதிருக்கிறார். அந்த அழுகை இரவல் என்று நான் எந்த முகத்தோடு சொல்வேன்? நீயே சொல். கடிதத்திலும் சொல்லாதே. வந்து, இவர் எதிரில் உட்கார்ந்து சொல்.

நாங்கள் இப்போது 'உப்புக் கோட்டை' பார்க்கிறோம். நீ தலைவைத்துப் படுக்காதே என்றாயே, அதேதான். முதல் காட்சியிலேயே ஒரு கணக்கப்பிள்ளை வந்து நின்று, "இந்தக் கோட்டைக்குள் இருந்தவர்கள் ஒருவரும் பிழைக்கவில்லை. இனி, நடந்ததைச் சொல்கிறேன்" என்கிறான். "ஒருத்தரும் பொழைக்கலன்னா இவன் யாரு?" என்று இவர் கேட்டார். மூன்றாம் பகுதியில் தெரிந்தது, இருவரும் ஒரே போர்வைக்குள் போய்விட்டோம். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கதை எங்களை ஏமாற்றவில்லை. எல்லோரும் சாவார்கள் என்று வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் உள்ளே கூப்பிடுகிறது. உன் படகைவிட இந்தப் பேய்களோடு இருப்பது நிம்மதியாக இருக்கிறது.

இப்போது நான் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்கிறேன். நீ தொடரை மட்டுமா பாதியில் விடுகிறாய்?

எனக்கு வலி எடுத்த அன்று காலையில் வந்தாய். நர்ஸ் வயிற்றில் கருவியை வைத்து இதயத் துடிப்பைக் கேட்கவிட்டாள். நீதான் முதலில் கேட்டாய். "குதிரை ஓடற மாதிரி இருக்குடி! ராஜா வரான்!" என்று அந்த அறையில் இருந்தவர்களையெல்லாம் சிரிக்க வைத்தாய். மத்தியானம், எல்லாம் நன்றாக இருக்கிறது, கட்டுரை கொடுக்க வேண்டும் என்று பஸ் ஏறிவிட்டாய். நான் போகாதே என்றேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதா? மெதுவாகத்தான் சொன்னேன், ஆனால் சொன்னேன்.

மறுநாள் அந்தச் சத்தம் நின்றுபோனபோது நீ இல்லை. அதற்குப் பிறகும் நீ வரவில்லை. நீ ஃபோனில் அழுதாய், நான் உன்னைத் தேற்றினேன். ஃபோன் செய்யாதே என்று நான் எழுதியது ஊருக்காக இல்லை. உனக்காக.

தங்கை

ஜூலை 24

வத்தல்,

ஞாபகம் இருக்கிறது. 'போகாதே' என்று நீ சொன்னதும் காதில் விழுந்தது. விழாதது போலப் பையைத் தூக்கினேன்.

வராமல் இருந்ததற்கு முழங்கால், விடுப்பு என்று ஏதேதோ எழுதினேன். விடுப்பு நிஜம், ஆனால் அது வெறும் சாக்கு. முழங்கால் முழுப் புளுகு. மாடிப்படி ஏறுகிறேன், இறங்குகிறேன். உன் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. குதிரை, ராஜா என்று சிரிக்க வைத்துவிட்டுப் போனவள் எப்படித் திரும்பி வந்து அந்த வாசலில் நிற்பது? ஒரு நாள் தள்ளிப்போட்டேன், பிறகு தள்ளிப்போட்டதே வெட்கமாகிவிட்டது, அதனால் இன்னும் தள்ளிப்போட்டேன்.

நீ கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் உன் வீட்டுப் படி ஏறக் கூடாது. அன்று நான் எழுத ஓடினேனே, அந்தக் கட்டுரை எது தெரியுமா? அந்தப் படகுதான். உன்னை அங்கே விட்டுவிட்டு வந்து, ஒரு பகுதியை மட்டும் பார்த்து, 'மனதுக்கு இதமான தொடர்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் ஃபோன் அடித்தது. பிறகு அதையே எடுத்து உனக்கு மருந்தாக அனுப்பினேன்.

போன வாரப் பத்தியில், முழுதாகப் பார்க்காமல் எழுதினேன் என்றும், குழந்தையைப் பறிகொடுத்தவர்கள் அந்தத் தொடரின் ஒன்பதாம் பகுதியைத் தெரிந்துகொண்டு பார்க்கட்டும் என்றும் எழுதினேன். ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதைப் போட்டா இனிமே உங்களை யாரு நம்புவாங்க?" என்றார். "இதுவரைக்கும் நம்பினதுதான் தப்பு சார்" என்றேன். போட்டார். பத்தியை என்னிடமிருந்து எடுத்து விடுப்பிலிருந்து வந்தவளிடம் கொடுத்துவிட்டார். நான் இப்போது பிழை திருத்துகிறேன். பொருத்தமான வேலைதான், நீ சிரித்துக்கொள்.

'உப்புக் கோட்டை'யை நானும் ஆரம்பித்தேன். நான்காம் பகுதியில் கதவு தட்டும் சத்தம் வந்ததும் நிறுத்திவிட்டேன். தனியாகப் பார்க்க முடியவில்லை.

வரட்டுமா? வா என்று நீ சொன்னால்தான் வருவேன். வேண்டாம் என்றால் அதுவும் நியாயம்தான்.

அக்கா

ஆகஸ்ட் 8

அக்கா,

பதில் எழுத நாளாகிவிட்டது. படகுக் கட்டுரை விஷயத்தைப் படித்ததும் உன்னோடு பேச்சே வேண்டாம் என்றுதான் இருந்தேன். கடையில் ஒரு அம்மாவுக்குத் தப்பான லென்ஸைக் கொடுத்தனுப்பிவிட்டேன். சாயங்காலம் திரும்பி வந்து, "ஏம்மா, உலகமே சாஞ்சு கிடக்கு" என்றார். உன்னால்தான்.

மன்னித்தேன் என்று எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. பொய்யாக எழுத வேண்டாம், நம் வீட்டில் அதற்கு ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாள்.

வா.

நீ வரப்போகிறாய் என்றதும் இவர் துறைமுகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டார். பஸ் நிலையத்துக்கே வந்து உனக்கு நன்றி சொல்ல வேண்டுமாம். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த நன்றியை நீயே அவர் கையில் திருப்பிக் கொடு. அவர் எழுந்து கிரேனுக்குப் போனாலும் போவார், அப்போது கீழே நின்று காத்திருக்க வேண்டியது நீதான்.

'உப்புக் கோட்டை'யில் கடைசிப் பகுதியை மட்டும் பார்க்காமல் வைத்திருக்கிறோம். அதை மூன்று பேருமாகப் பார்க்கலாம்.

பெட்டியை மறுபடி ஒட்டவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் திறந்தே இருக்கிறது. அதில் ஒரு போட்டோ இருக்கிறது அக்கா. நர்ஸ் எடுத்துக் கொடுத்தாள். நம் வீட்டில் அவனைப் பார்த்தவர்கள் நானும் இவரும் மட்டும்தான். உன் மூக்கு. நீ அவன் சத்தத்தைக் கேட்டிருக்கிறாய், முகத்தையும் பார்க்க வேண்டும். பார்க்கும்போது நீ அழு, ஆனால் நான் உன்னைத் தேற்ற மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான்.

வருவதற்கு மட்டும் டிக்கெட் எடு. போவதற்கு எடுக்காதே.

வத்தல்